ஜூலை ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

எங்கள் ஆபீஸில் தண்ணீர் கேன் வைத்திருக்கும் இடத்துக்கு மேலே ஒரு பலகை உண்டு. மாதத்துக்கு ஒருவர் படத்தை அதில் ஒட்டுவார்கள். அக்டோபரில் ஒட்டியது என் படம். 'சாராள் ரூபஸ். பிழையின்மை 99.6 சதவீதம். வேகத்தில் முதலிடம்.' படத்தில் கண்ணை மூடியிருக்கிறேன். வேறு படம் ஒட்டுங்கள் என்று கேட்டேன், யார் காதிலும் விழவில்லை. ஆனாலும் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்வேன். நாற்பத்தொரு வயதில் இடுப்பு ஒடிய உட்கார்ந்து தட்டி வாங்கிய பெருமை, சும்மா விட மனம் வரவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனிக்கு மேலே, மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடு எங்கள் கையில் இருக்கிறது. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாதென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அங்கே ஆஸ்பத்திரிகளில் எல்லாம் நோட்டுப் புத்தகம்தான். சதைப் பரிசோதனைக்கு ஒரு நோட்டு, வார்டுக்கு ஒரு நோட்டு, இறந்தவர்களுக்கு ஒரு நோட்டு. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதைப் படித்து, தட்டி, ஓர் ஆளுக்கு ஓர் எண் கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் போய்விட்டார்கள் என்பதை அவர்களுடைய அரசாங்கம் இதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. இன்னொன்றும் உண்டு. இருப்பவர்களைச் சிகிச்சைக்குக் கூப்பிடுவதும் இதே பட்டியலை வைத்துத்தான். இந்த இன்னொன்றை நாங்கள் அவ்வளவாக நினைப்பதில்லை.

ஒரே பெண் மூன்று நோட்டிலும் இருப்பாள். மூன்று எண் கொடுத்துவிட்டால் ஒருத்தி மூன்று பேராகிவிடுவாள். அதனால் பெயர், பிறந்த தேதி, நோய் மூன்றும் பொருந்தினால் திரையில் ஒரு கேள்வி வரும்: 'ஒரே ஆளா?' ஆம் என்று தட்டினால் இரண்டு பதிவும் ஒன்றாகிவிடும். இதில்தான் என் வேகம். மற்றவர்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் நான்கு ஆம் போட்டுவிடுவேன்.

நவம்பர் மாதப் பட்டியல் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை போய்விட்டது. மறுநாள் அப்பாவை ஆவடியில் வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா டாங்கி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் நவம்பரில் தான் உயிரோடு இருப்பதாக ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் நானும் அவரும்தான், எனவே எழுதுகிற வேலை என்னுடையது.

"பொறந்த தேதி இன்னாப்பா போடட்டும்?"

"ஜூன் ஒண்ணு."

"நீ செப்டம்பர்ல பொறந்தேன்னு அம்மா சொல்லுமே."

"அது ஞானஸ்நானப் புக்குல கீறது. இது இஸ்கூல் வாத்தியாரு போட்டது. அந்த ஆளு எல்லாப் பசங்களுக்கும் ஜூன் ஒண்ணுதான் போட்டாரு. எங்க ஷாப்ல மட்டும் ஜூன் ஒண்ணுக்காரனுங்க பதினாலு பேரு. மே மாசக் கடைசி வந்தா எவனாவது ரிட்டயர் ஆவான், மாலை வாங்கியே ஓஞ்சி பூட்டோம்."

பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே 01-06 என்று எழுதினேன். அடுத்த கட்டத்துக்குப் போகாமல் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

எங்களுக்கும் ஒரு ஜூன் ஒன்று உண்டு. அது ஜூலை ஒன்று. அந்த நாட்டு நோட்டுகளில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி இருக்காது, வயது மட்டும்தான். கம்ப்யூட்டர் தேதி இல்லாமல் விடாது. எனவே வயது நாற்பத்தாறு என்றிருந்தால் வருஷத்தைக் கழித்துப் பார்த்து, நடு வருஷமாக ஜூலை ஒன்று என்று நிரப்ப வேண்டும். இது விதி, எங்கள் கையேட்டில் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் நிரப்பிய அந்தத் தேதியையே வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் பிறந்த நாள் ஒன்றாக இருக்கிறதே, ஒரே ஆளா என்று கம்ப்யூட்டர் எங்களையே கேட்கிறது. நானும் ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை ஓர் எஸ்தர் பாண்டாவுக்கு அப்படி ஆம் போட்டேன். அந்த ஊரில் பாண்டா என்பது தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். வயது நாற்பத்தாறு, கர்ப்பப்பை வாயில் புற்று. சதைப் பரிசோதனை நோட்டில் ஓர் எஸ்தர், ஆரம்ப நிலை, ஓரத்தில் யாரோ பென்சிலால் 'மெஷின், நவம்பர் 24' என்று எழுதியிருந்தார்கள். இறந்தவர் நோட்டில் ஓர் எஸ்தர், நவம்பர் மூன்று. பாவம், மெஷினுக்கு முன்னாலேயே போய்விட்டாள் என்று நினைத்தது நினைவிருக்கிறது. நினைத்துவிட்டு ஆம் தட்டினேன். இரண்டு பேரும் வேறு வேறு எஸ்தர் என்றால், உயிரோடு இருக்கிறவளை நான் சாகடித்திருக்கிறேன். செத்தவர்களை யாரும் சிகிச்சைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

"கையெழுத்து எங்க போடணும்?" என்று அப்பா கேட்டார். நான் காட்டினேன். உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாக அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நாட்டில் அந்த மெஷின் ஒன்றே ஒன்று. அப்பாவைப் போன்றவர்கள் கரண்ட் வைப்பது என்று சொல்வார்களே, அந்தக் கதிர்வீச்சு மெஷின். முறை தவறினால் அடுத்த முறை ஏழெட்டு மாதம் கழித்துத்தான். அதற்குள் ஆரம்ப நிலை ஆரம்ப நிலையாகவே இருக்காது. எனக்கு இது பட்டியலில் படித்துத் தெரிந்த விஷயம் மட்டுமல்ல. அம்மாவுக்கு மார்பில் வந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு புதன்கிழமை போன் வந்தது, நாளைக்கு வாருங்கள் என்று. அதன் பிறகு அம்மா பதினோரு வருஷம் இருந்தாள். பதினோரு வருஷமும் என்னோடு சண்டை போட்டாள். அத்தனையும் அந்த ஒரு போனால் வந்தது.

ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து திறக்க முடியாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சேக்காட்டில் எங்கள் வீட்டு வாசல்வரை மழைத் தண்ணீர் வந்திருந்தது, அதைப் பெருக்கித் தள்ளினேன். இரண்டு பேரும் ஒரே எஸ்தராகத்தான் இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் செத்துப்போயிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் விண்ணப்பப் பெட்டி வைத்திருப்பார்கள். ஒரு சீட்டில் 'சகோதரி எஸ்தருடைய சுகத்துக்காக' என்று மட்டும் எழுதிப் போட்டேன். போதகர் அதை வாசித்தார், எல்லோரும் தலை குனிந்தோம். ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் பூக்காரம்மாவும் இன்னும் நாலு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சீட்டு போட்டதை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

"எந்த எஸ்தரும்மா? குவார்ட்டர்ஸ் எஸ்தரா?"

"இல்லக்கா."

"அப்ப டெய்லர் ஊட்டு எஸ்தரா? நல்லாத்தானே இருந்துச்சி, போன வாரம்கூட மீன் வாங்கிக்கினு போச்சி."

அதற்குள் இன்னோர் எஸ்தர், எஸ்தர் டீச்சரே வந்துவிட்டார். நெற்றியில் வியர்வை. "சாரா, எனக்கா சீட்டு போட்ட? நான் ஸ்கேன் எடுத்தது உனக்கு யாரு சொன்னா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஸ்கேன் எடுத்ததே எனக்குத் தெரியாது. இது வேறு எஸ்தர், டீச்சர், வேலை செய்கிற இடத்தில் என்று சொல்லி அவரை நம்ப வைப்பதற்குள் எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பெயரைக் கேட்டதும் இந்தச் சர்ச்சில் பூக்காரம்மா முதல் டீச்சர் வரை எந்த எஸ்தர் என்று கேட்கிறார்கள். பலகையில் படம் ஒட்டியிருக்கிற நான் கேட்கவில்லை.

திங்கள்கிழமை எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தையும் அருகருகே திறந்தேன். இறந்துபோன எஸ்தர் ஆகஸ்ட் இருபதாம் தேதி வார்டில் சேர்ந்தவள், கட்டில் எண் ஒன்பது, நவம்பர் மூன்று வரை அந்தக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பரிசோதனை நோட்டில் இருக்கும் எஸ்தர் செப்டம்பர் ஒன்பதாம் தேதி புறநோயாளியாக நடந்து வந்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். அவள் கையெழுத்துகூடப் படத்தில் தெரிந்தது, ஆங்கில E வரும் இடத்தில் பெரிதாக ஒரு வளைவு. ஒன்பதாவது கட்டிலில் படுத்துக்கொண்டே ஒருத்தி வெளியிலிருந்து நடந்தும் வர முடியாது. இரண்டு எஸ்தர். இதைப் பார்க்க எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

எங்கள் டீம் லீடர் உதயகுமார். நசரத்பேட்டையிலிருந்து பைக்கில் வருவான், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், நல்ல பிள்ளை. மழைக்கோட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அவனைத் திரைக்கு முன்னால் நிறுத்தினேன்.

"ரெண்டு பேருதான்க்கா," என்றான். "சரி வுடுங்க, வெள்ளிக்கெழம அனுப்புற கேள்வி லிஸ்ட்ல சேத்துடலாம்."

"வெள்ளிக்கெழம போனா அங்க யாரு பாப்பாங்க? சனி ஞாயிறு லீவு. திங்கக்கெழம அவ மெஷின்ல இருக்கணும்."

"நாம நேரா எழுதக் கூடாதுக்கா. காண்ட்ராக்ட்ல அப்டித்தான் கீது. அதுவும் பட்டியல் போனதுக்கு அப்புறம் நம்ம தப்புன்னு எழுதுனா, அந்த மாசம் பூரா செக் பண்ணுவாங்க. உங்க நம்பர் அடிவாங்கும். என் நம்பரும்தான்."

"உதயா, உனக்கு நம்பரு. அவளுக்கு உசுரு."

"அவங்க ஆளை அவங்களுக்குத் தெரியாதாக்கா? நேர்ல பாத்திருப்பாங்க இல்ல?"

"தெரிஞ்சா நம்ம கிட்ட ஏன் குடுக்குறாங்க?"

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உதயகுமார் மாடிப்படிக்குப் போய் மேனேஜரிடம் போனில் பேசினான். கால் மணி நேரம் பேசினான். கீழே ஸ்பிரிங் கம்பெனியில் அச்சு இறங்கும் சத்தம் தரை வழியாக வந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து, "ஒரே ஒரு மெயில். என் பேர்ல அனுப்புறேன். உங்க பேரு வாணாம்," என்றான்.

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன். கேன் பக்கத்தில் போய் நின்றால் மேலே என் படம். திரும்பி வந்து, "என் பேரையே போடு, தட்டுனது நான்தானே," என்றேன்.

அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். பகல் ஒன்றரைக்கு மெயில் போனது. அங்கே பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர் பெயர் கிஃப்ட். அது ஆள் பெயர்தான், பரிசு என்று நினைத்து முதல் மாதம் குழம்பியிருக்கிறேன். மூன்று வருஷமாக அவருடைய நோட்டுப் பக்கங்களைப் படிக்கிறேன், அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

செவ்வாய்க்கிழமை பதில் இல்லை. புதன்கிழமையும் இல்லை. மெயில் போய்ச் சேர்ந்ததா என்று உதயகுமாரை அரை மணிக்கொரு தரம் கேட்டேன். "போச்சுக்கா, போச்சு," என்று சொல்லிச் சொல்லி அவனுக்கும் முகம் சுருங்கிவிட்டது. ரயிலில் நிற்கும்போது யார் போன் அடித்தாலும் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் குழம்பில் உப்புப் போட மறந்தேன், அப்பா ஊறுகாயை எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மத்தியானம் நான் இன்னொரு காரியம் செய்தேன். இந்த வருஷம் என் கையால் ஒன்றாக்கிய பதிவுகளில் இரண்டு பக்கமும் ஜூலை ஒன்று இருப்பவை எத்தனை என்று தேடிப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு வந்தது. அவற்றில் ஒரு பக்கம் இறந்தவர் நோட்டாக இருப்பவை முப்பத்தொன்று. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ பின்னால் நடந்து வரும் சத்தம் கேட்டது, சட்டென்று மூடிவிட்டேன். உதயகுமாரிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை. பெரும்பாலும் ஒரே ஆளாகத்தான் இருப்பார்கள், எஸ்தர் விஷயம் முதலில் முடியட்டும் என்று வைத்துக்கொண்டேன். பயந்தேன் என்பதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு உதயகுமார் என் நாற்காலியைத் தட்டினான். "வந்துடுச்சிக்கா." இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம்.

கிஃப்ட் நீளமாக எழுதியிருந்தார். உறவில் ஒரு சாவு, அதற்குப் போய்விட்டுப் புதன்கிழமைதான் வந்திருக்கிறார். அதற்குள் பட்டியலில் எஸ்தர் பெயரை எடுத்துவிட்டு, இருபத்துநாலாம் தேதி முறையை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். எஸ்தர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருப்பவள். நோட்டில் இருந்தது அவள் தம்பியுடைய போன் எண். ஒன்றரை நாள் அடித்து, வியாழக்கிழமை சாயங்காலம்தான் கிடைத்தது. உங்கள் அக்கா இருக்கிறாரா என்று கிஃப்ட் பயந்து பயந்து கேட்டிருக்கிறார். இருக்கிறாளே, எதிரே உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள், என்ன விஷயம் என்று தம்பி கேட்டிருக்கிறான்.

நான் மேஜையில் தலை வைத்துக்கொண்டேன். அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. உதயகுமார் என் முதுகைத் தட்டவும் கூச்சப்பட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

மீதியை அவன்தான் வாசித்துச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைப் படகில் எஸ்தர் வந்துவிடுவாள். முறை கிடைத்த அடுத்த பெண்ணையும் திருப்பி அனுப்பப் போவதில்லை, மெஷின் ஓட்டுகிறவர் திங்கள்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்க ஒத்துக்கொண்டார். எஸ்தர் போனை வாங்கி, தன்னைத் தேடச் சொன்னது யார் என்று கேட்டாளாம். இந்தியாவில் சாராள் என்று ஒரு பெண் என்று கிஃப்ட் சொல்லியிருக்கிறார். எந்த சாராள் என்று கேட்டாளாம்.

"கடைசில ஒண்ணு கேட்டுருக்காருக்கா," என்றான் உதயகுமார். குரல் இறங்கியிருந்தது.

நான் நிமிர்ந்து படித்தேன். 'இதுபோல இன்னும் யாராவது இருக்கிறார்களா? தெரிந்தால் தயவுசெய்து இன்றே சொல்லுங்கள். நாங்கள் தேடிப் போகிறோம்.'

"இல்லன்னு எழுதிடலாமாக்கா?" என்று உதயகுமார் கேட்டான். கேட்கும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டான். மெதுவாகப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "எத்தினி?"

"முப்பத்தோரு பேரு."

மூடி வைத்த பட்டியலை நான் திறந்தேன். முதல் பெயர் ரூத். ரூத் ஃபிரி, வயது முப்பத்தெட்டு, பிறந்த தேதி ஜூலை ஒன்று, இறந்தது ஏப்ரல் பதினாறு. இந்த முறை இரண்டு பக்கத்தையும் திறந்து பார்த்தேன். ஏப்ரலில் இறந்த ரூத்துக்கு இடது மார்பை எடுத்த பழைய தழும்பு இருந்தது என்று வார்டு நோட்டு சொன்னது. மார்ச் கடைசியில் பரிசோதனைக்கு வந்த ரூத்துக்கு அறுவைச் சிகிச்சையே நடந்திருக்கவில்லை. அதே பக்கத்தின் ஓரத்தில் அதே பென்சில் எழுத்து: மெஷின், ஜூன் 9.

இது நவம்பர், அவள் முறை போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. நான் கிஃப்டுக்கு ரூத்தின் பெயரை எழுதினேன். பக்கத்திலேயே அந்தத் தேதியையும் எழுதினேன்.